உபுண்டு 25.10 போட்டாச்சா? அப்டேட் வருதான்னு முதல்ல பாருங்க!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்குத் தேவையான டிபிஎம் 2.0 சிப்போ, புதிய பிராசஸரோ இல்லாத பழைய லேப்டாப்களுக்கு என்ன வழி என்ற கேள்வி எழுந்தபோது, பலரும் கைகாட்டியது லினக்ஸை.

சரியாக ஐந்து நாள் முன்பு, அக்டோபர் 9-ம் தேதி வெளியாகியிருந்தது உபுண்டு 25.10. லினக்ஸ் இயங்குதளங்களில் பலரும் பயன்படுத்தும் உபுண்டுவின் அப்போதைய புத்தம் புதிய பதிப்பு. ஆனா, பாதுகாப்பு அப்டேட்டுக்காக இதற்கு மாறிய சிலரின் கணினியில், அப்டேட் இருக்கிறதா என்று தானாகப் பார்க்கும் வேலையே நடக்கவில்லை. அது நடக்கவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை.

என்னதான் நடந்தது?

லினக்ஸில் கோப்பை நகலெடுப்பது, பட்டியலிடுவது, நேரம் காட்டுவது போன்ற அடிப்படை வேலைகளுக்குச் சின்னச் சின்னக் கருவிகள் இருக்கின்றன. சி மொழியில் எழுதப்பட்ட பழைய கருவிகள் இவை. மெமரி தொடர்பான பிழைகளைக் குறைப்பதற்காக, 25.10 பதிப்பில் இவற்றுக்குப் பதிலாக ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதப்பட்ட கருவிகளைக் கொண்டுவந்தது உபுண்டுவை உருவாக்கும் கனானிகல் நிறுவனம்.

அதில் 'டேட்' என்ற கருவியில் ஒரு ஓட்டை. "இந்தக் கோப்பு கடைசியாக எப்போது மாறியது?" என்று கேட்டால், அந்தக் கோப்பின் நேரத்தைச் சொல்லாமல், இப்போதைய நேரத்தைச் சொன்னது.

சின்ன விஷயமாகத் தெரியும். ஆனா, கடைசியாக எப்போது அப்டேட் பார்த்தோம் என்பதைக் கணினி ஒரு கோப்பின் நேரத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறது. "மாத்திரை எப்போ போட்டீங்க?" என்று எப்போது கேட்டாலும் "இப்போதான் போட்டேன்" என்று சொல்பவருக்கு அடுத்த மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பார்கள்? அதே கதைதான். இப்போதுதானே பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டு, கணினி அப்டேட்டைத் தேடவே இல்லை.

ஏன் இது ஆபத்தானது?

இதே பதிப்பில் இன்னொரு கோளாறும் இருந்தது. ஃபிளாட்பேக் முறையில் ஆப்களை நிறுவ முடியவில்லை. அது வெளியான உடனே பயனர்கள் கண்ணில் பட்டது, சில நாட்களில் சரிசெய்யப்பட்டது. காரணம், நிறுவும்போதே பிழை என்று திரையில் வந்தது.

அப்டேட் கோளாறு அப்படிக் குரல் கொடுக்கவில்லை. எந்த எச்சரிக்கையும் இல்லை, எல்லாம் நன்றாக இருப்பது போலவே தெரிந்தது. வீட்டு டெஸ்க்டாப் மட்டுமில்லை, சர்வர்களும் கிளவுட் கணினிகளும்கூட இதில் சிக்கின. அதே அக்டோபர் மாதத்திலேயே திருத்தம் வந்துவிட்டது. ஆனா, அந்தத் திருத்தம் வருவதும் அப்டேட் வழியாகத்தான்! தானாக வரும் என்று காத்திருந்தால் வராது.

இப்போ என்ன செய்யணும்?

25.10 வைத்திருப்பவர்கள் 'சாஃப்ட்வேர் அப்டேட்டர்' ஆப்பை ஒருமுறை கையால் இயக்கினால் போதும். டெர்மினல் பழக்கம் உள்ளவர்கள் ஆப்ட் அப்டேட், ஆப்ட் அப்கிரேட் கட்டளைகளை வரிசையாகக் கொடுக்கலாம். கையால் செய்யும் அப்டேட் இந்தக் கோளாறால் பாதிக்கப்படவில்லை.

புதிதாக நிறுவியதும் வரும் மற்ற தொல்லைகள்

*வைஃபை தெரியவில்லை:* பிராட்காம் போன்ற சில சிப்களுக்குத் தனி டிரைவர் வேண்டும். அதை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும்! செல்போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடுங்க. பிறகு 'அடிஷனல் டிரைவர்ஸ்' பகுதியில் டிரைவரை நிறுவலாம்.

*திரை கறுப்பாக நிற்கிறது:* என்விடியா கிராபிக்ஸ் உள்ள கணினிகளில் இது நடக்கும். நிறுவும்போதே வந்தால், தொடக்க மெனுவில் 'சேஃப் கிராபிக்ஸ்' வழியைத் தேர்வு செய்யுங்க. அப்டேட்டுக்குப் பிறகு வந்தால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதியில் பழைய கெர்னலைத் தேர்வு செய்து உள்ளே போகலாம்.

*டிரைவர் போட்டும் வேலை செய்யவில்லை:* செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், டிரைவர் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த முறை கணினி தொடங்கும்போது வரும் நீலத் திரையில் 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்வு செய்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் அந்தத் திரையைத் தாண்டிப் போனால் டிரைவர் இயங்காது.

*கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகிறது:* விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால் இப்படி ஆகலாம். விண்டோஸ் உள்ளூர் நேரத்தைக் கணினியில் பதிக்கும், லினக்ஸ் யுடிசி நேரத்தைப் பதிக்கும். இந்திய நேரத்துக்கும் யுடிசிக்கும் உள்ள இடைவெளிதான் அந்த ஐந்தரை மணி நேரம். கணினி கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம்.

*விண்டோஸ் டிரைவில் சேமிக்க முடியவில்லை:* விண்டோஸின் பவர் அமைப்புகளில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை நிறுத்திவிட்டு, கணினியை முழுமையாக ஷட்டவுன் செய்யுங்க.

சரி, எந்தப் பதிப்பைப் போடலாம்?

உபுண்டுவின் எண்ணிலேயே விஷயம் இருக்கிறது. 25.10 என்றால் 2025-ம் வருடம் 10-ம் மாதம். இந்தப் பதிப்புக்கு ஆதரவு 9 மாதம்தான், 2026 ஜூலையோடு முடியும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும் 'எல்டிஎஸ்' பதிப்புகளுக்கோ 5 வருட ஆதரவு உண்டு. 2024 ஏப்ரலில் வந்த 24.04-க்கு 2029 வரை அப்டேட் கிடைக்கும்.

ரஸ்ட் கருவிகளை 26.04 எல்டிஎஸ்-க்குக் கொண்டுபோகும் முன் 25.10-ல் பரிசோதிப்பதுதான் திட்டம் என்பதைக் கனானிகல் முன்பே வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. அந்தப் பரிசோதனையில் கோளாறு வெளியே வந்ததும், உடனே சரியானதும் நல்லதுதான். ஆனா, வங்கி வேலையும் பிள்ளைகளின் படிப்பும் ஒரே லேப்டாப்பில் நடக்கும் வீடு அந்தப் பரிசோதனைக் கூடமாக இருக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு 24.04 போதும். எதைப் போட்டாலும் முதலில் புகைப்படங்களையும் ஆவணங்களையும் பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்கிலோ எடுத்து வையுங்க. போட்டு முடித்ததும் முதல் வேலையாகக் கையால் ஒரு அப்டேட், ஒரு வாரம் கழித்து அப்டேட் தானாக வருகிறதா என்று இன்னொரு பார்வை.