வைஃபை வரவில்லை என்றால் ஃபார்மட் பண்ணச் சொல்லாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். கோபமும் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

நம் வீடுகளில் கம்ப்யூட்டர் கோளாறுக்கு இரண்டே வைத்தியம்தான். ஒன்று, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." இன்னொன்று, "ஃபார்மட் அடிச்சிடலாம்." முதலாவதில் எனக்குச் சண்டை இல்லை. பாதி நேரம் அது வேலை செய்கிறது. இரண்டாவதோடுதான் என் சண்டை.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் வைஃபை வரவில்லை என்று லேப்டாப்பை ஒரு கடைக்குக் கொண்டுபோனார். வைரஸ் என்று சொல்லி ஃபார்மட் செய்து கொடுத்தார்கள். பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து வைத்திருந்த வினாத்தாள்கள் போயின. மறைந்த மனைவியின் படங்களும் போயின. வீட்டுக்கு வந்து பார்த்தால் அப்போதும் நெட் இல்லை. மாடியில் வேலை நடந்தபோது ஃபைபர் கேபிள் அறுந்திருக்கிறது. அதுதான் கோளாறு. லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை.

ஒரு கணக்கில் கூட்டல் தப்பானால் எந்த வரியில் தப்பு என்று பார்ப்போம். நோட்டையே கிழித்துப் போட்டுவிட்டுப் புது நோட்டு வாங்கச் சொல்வோமா? ஃபார்மட் என்பது நோட்டைக் கிழிப்பது. கிழித்த பிறகும் கணக்கு சரியாகாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. விண்டோஸைப் புதிதாக ஏற்றிய சில லேப்டாப்களில் வைஃபை டிரைவரே இருக்காது. அதைத் தேடி ஏற்றும்வரை நன்றாக இருந்த வைஃபையும் வராது.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கோளாறு எங்கே? வெளியிலிருந்து வரும் லைனிலா, ரூட்டரிலா, லேப்டாப்பிலா? இந்த மூன்றில் எது என்று தெரியாமல் எதிலும் கை வைக்கக் கூடாது. அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

முதலில் சுவரில் இருக்கும் பெட்டி. ஃபைபர் இணைப்பு என்றால் அதில் எல்.ஓ.எஸ். என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு இணைப்பு கொடுத்தவருக்குப் புகார் சொல்லுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

அடுத்து செல்போன். லேப்டாப் இருக்கும் அதே இடத்தில் போனை வைத்துப் பாருங்கள். மொபைல் டேட்டாவைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். பலர் இதை மறந்து, போனில் நெட் வருவதால் வைஃபை நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுகிறார்கள். டேட்டா இல்லாமலும் போனில் வந்தால் லைனும் ரூட்டரும் சரி, கோளாறு லேப்டாப் பக்கம். போனிலும் வரவில்லை என்றால் ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள்.

கோளாறு லேப்டாப்பில்தான் என்று தெரிந்த பிறகு விண்டோஸுக்கு வாருங்கள். ஏரோப்ளேன் மோட் ஆன் ஆகியிருக்கிறதா? கைதவறி ஒரு விசையை அழுத்தினாலே அது ஆன் ஆகிவிடும். சில பழைய லேப்டாப்களில் பக்கவாட்டில் வைஃபைக்கென்றே ஒரு சுவிட்ச் இருக்கும், அதையும் பாருங்கள்.

திரையில் வரும் வாசகத்தைப் படியுங்கள். 'நோ இன்டர்நெட், செக்யூர்ட்' என்று வந்தால் லேப்டாப் ரூட்டரோடு சேர்ந்துவிட்டது, பாஸ்வேர்டும் சரி, அதற்கு அப்பால்தான் வழி இல்லை என்று பொருள். 'கேன்ட் கனெக்ட் டு திஸ் நெட்வொர்க்' என்று வந்தால் ரூட்டரோடு சேரவே முடியவில்லை. பெரும்பாலும் யாரோ பாஸ்வேர்டை மாற்றியிருப்பார்கள், லேப்டாப் பழையதையே நினைவில் வைத்திருக்கும். அந்தப் பெயரை 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டு, புதிய பாஸ்வேர்டு போட்டுச் சேருங்கள். இரண்டும் வேறு வேறு நோய். இரண்டுக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது எந்த ஊர் வைத்தியம்?

பட்டியலில் உங்கள் வைஃபை பெயரே இல்லையா? புது ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் பேசும். பழைய லேப்டாப் சிலவற்றுக்கு 2.4 மட்டுமே கேட்கும். 5 வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டும்போது சீக்கிரம் தளர்ந்துவிடும். ரூட்டரில் 2.4 ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். இதற்குப் போய், "லேப்டாப் பழசு, புதுசு வாங்கிடுங்க" என்கிறீர்கள். வைஃபை பாகமே பழுதானாலும் யு.எஸ்.பி.யில் செருகும் அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

வைஃபை பொத்தானே காணாமல் போயிருந்தால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற வரியைப் பாருங்கள். மஞ்சள் குறி இருந்தால் பெரும்பாலும் டிரைவர் கோளாறு. அந்த அடாப்டரை 'அன்இன்ஸ்டால்' செய்து கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் விண்டோஸே திரும்பப் போட்டுக்கொள்ளும். டிரைவரை நீக்கவா என்று கேட்கும் கட்டத்தில் மட்டும் டிக் போடாதீர்கள். புது டிரைவர் தேவைப்பட்டால் போனை யு.எஸ்.பி. கேபிளால் லேப்டாப்பில் இணைத்து, போனில் யு.எஸ்.பி. டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லேப்டாப்புக்கு நெட் வந்துவிடும். லேப்டாப் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து டிரைவரை இறக்குங்கள், வேறெங்கிருந்தும் வேண்டாம்.

எதுவும் பலிக்காவிட்டால் கடைசியாக, செட்டிங்ஸில் 'நெட்வொர்க் ரீசெட்' இருக்கிறது. அது சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளை அழிக்கும். உங்கள் படங்களையும் கோப்புகளையும் தொடாது. பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள். இத்தனை படிகள் இருக்கும்போது நேரே ஃபார்மட்டுக்குப் போவது சோம்பேறித்தனம் இல்லாமல் வேறென்ன?

இப்போது புதிதாக ஒரு கதை கிளம்பியிருக்கிறது. "விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சு, அதான் வைஃபை வரலை" என்கிறார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது அதற்கான வழக்கமான ஆதரவு. அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்புகள் முன்போல் தானாக வராது. அதைக் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தேதியில் யாருடைய வைஃபையும் நின்றுவிடவில்லை. விண்டோஸ் 11-க்கு மாறுவதானால், எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டு, நிதானமாக மாறுங்கள். வைஃபையைக் காரணம் காட்டி மாறாதீர்கள்.

கடைக்காரர்களை மட்டும் திட்டி என்ன பயன்? அப்பா அம்மாவை அங்கே அனுப்புவது யார்? ஐ.டி.யில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் எத்தனையோ பேர். ஊருக்கு வருகிறீர்கள். "அம்மா, இங்க குடு" என்று மவுஸை வாங்கிக்கொள்கிறீர்கள். படபடவென்று ஏதோ தட்டுகிறீர்கள். "சரியாயிடுச்சு" என்று எழுந்துவிடுகிறீர்கள். அம்மாவுக்கு என்ன தெரிந்தது? ஒன்றும் இல்லை. அடுத்த முறை போகும்போது நீங்கள் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பீர்கள். வகுப்பில் நான் விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, வழிமுறையைச் சொல்லாமல் போயிருந்தால் நீங்கள் இன்று இருக்கும் இடத்தில் இருப்பீர்களா?

"நேரம் இல்லை சார்" என்பீர்கள். பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்தால் அடுத்த பத்து அழைப்புகள் மிச்சம். "வயசானவங்களுக்குப் புரியாது" என்பீர்கள். தையல் மெஷினில் நூல் அறுந்தால் எங்கே சிக்கியது என்று தேடிக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள். மோட்டார் ஓடாவிட்டால் ஃப்யூஸா, கரண்டா, தண்ணீர் இல்லையா என்று வரிசையாகப் பார்த்தவர்கள். இதுவும் அதே புத்திதான். "போன் இருக்கே, லேப்டாப் எதுக்கு?" என்பவர்கள், கண் மங்கியவர் பென்ஷன் விண்ணப்பத்தைச் சிறு திரையில் நிரப்புவதை ஒருநாள் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

சொல்லிக்கொடுக்காததன் விலை இன்னும் பெரிது. வழி தெரியாத மனிதர் கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' தேடுகிறார். போலி எண் கிடைக்கிறது. எதிரில் இருப்பவன் பணிவாகப் பேசி, கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்து இயக்கும் ஆப் ஒன்றைப் போடச் சொல்கிறான். பிறகு பேங்க் கணக்கு காலி. வைஃபை சரிசெய்ய ஓ.டி.பி.யோ, கார்டு எண்ணோ, அப்படிப்பட்ட ஆப்போ தேவையில்லை. யார் கேட்டாலும் போனை வையுங்கள். ஏமாந்துவிட்டால் தயங்காமல் 1930-க்கு அழையுங்கள். இணைப்பு கொடுத்தவரின் சரியான எண் பில்லில் இருக்கும். அதை ரூட்டர் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

என் மாணவர்களுக்கு வீட்டுப்பாடம் கொடுத்து ரொம்ப நாளாயிற்று. இதோ ஒன்று. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மவுஸைத் தொடாதீர்கள். அப்பாவோ அம்மாவோ கையில் வைத்திருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் மட்டும் சொல்லுங்கள். லைன், ரூட்டர், லேப்டாப் என்ற வரிசையை அவர்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதச் சொல்லிச் சுவரில் ஒட்டுங்கள். முடித்தவர்கள் கீழே எழுதுங்கள். முடிக்காதவர்களும் எழுதுங்கள், காரணம் கேட்பேன்.