வண்டி நின்னா ஆக்ஸிஜன் சென்சார்தான் குற்றவாளியா?

புனே, பெங்களூரு, ஹைதராபாத், குர்காவ்ன்னு எங்கே போய்ப் பொட்டி தட்டினாலும் நம்ம ஆட்களிடம் ஒரு பழக்கம் மாறாது. பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் காரை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போவாங்க. "சிக்னல்ல நிக்குது, மேடு ஏறும்போது நிக்குது" என்று அரைகுறை ஹிந்தியில் சொல்வாங்க. அங்கே ஒரு ஆள் ஸ்கேனரைச் சொருகி ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, "ஓ-டூ சென்சார் கராப் ஹை சாப்" என்பார். நம்மாளும் "டீக் ஹை பையா, பதல் தோ" என்று தலையாட்டிட்டு, சில ஆயிரத்தை அழுதுட்டு வருவார். அப்புறம் புனேயிலிருந்து கிளம்பி, சதாராவுக்கு முன்னாடி கம்பட்கி காட் ஏறும்போது வண்டி மறுபடி நிக்கும். உள்ளே மனைவி, குழந்தை, மாமியார். பின்னாடி ஹாரன் அடிக்கிற லாரி.

அந்த "சென்சார் கராப்" டயலாக்கை எதிர்த்துத்தான் இந்தப் பதிவு.

ஆக்ஸிஜன் சென்சார் கெட்டா வண்டி நிக்குமா? நிக்கலாம், ஆனா அபூர்வம். சோதிச்சுப் பார்க்காம அதை மாத்துறதுக்கு சர்வீஸ்னு பேர் வைக்காதீங்க. அது நம்ம காசுல ஆடுற சூதாட்டம்.

முதல்ல அந்தப் பாவப்பட்ட சென்சார் என்ன வேலை பார்க்குதுன்னு பார்ப்போம். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் சரியா எரிய 14.7 பங்கு காற்று வேணும். எரிஞ்சு வர்ற புகையில ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கான்னு பார்த்து ஈ.சி.யு.வுக்குச் சொல்றதுதான் சென்சாரோட வேலை. வழக்கமான சிர்கோனியா சென்சார், ஆக்ஸிஜன் மிச்சம் நிறைய இருந்தா 0.1 வோல்ட் பக்கமும், இல்லைன்னா 0.9 வோல்ட் பக்கமும் காட்டும். அதைப் பார்த்து ஈ.சி.யு. பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். பாஷ் கம்பெனி 1976-ல் வால்வோ காருக்குக் கொடுத்து ஆரம்பிச்ச சங்கதி இது. ஐம்பது வருஷப் பழைய தொழில்நுட்பம், இதுல மாயமந்திரம் எதுவும் இல்லை.

இப்போ முக்கியமான பாயிண்ட். சுமார் 300 டிகிரி சூடு ஏறுற வரைக்கும் இந்த சென்சார் ஒழுங்கா வேலையே செய்யாது. காலையில வண்டியை ஸ்டார்ட் பண்ணினதும் கொஞ்ச நேரம் ஈ.சி.யு. சென்சாரைக் கேட்காம, தன் மெமரியில இருக்கிற கணக்கை வச்சுத்தான் இன்ஜினை ஓட்டுது. ஓப்பன் லூப் என்பாங்க. தினமும் காலையில சென்சார் துணை இல்லாம ஓடுற இன்ஜின், சென்சார் செத்துட்டா மட்டும் ஏன் நிக்கணும்? சிக்னல் வரலைன்னு தெரிஞ்சா ஈ.சி.யு. செக் இன்ஜின் விளக்கைப் போட்டுட்டு அதே பழைய கணக்குக்குத் திரும்பிடும். மைலேஜ் குறையும், புகை கூடும், நாளாவட்டத்துல கன்வெர்ட்டர் அடிவாங்கும். வண்டி ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்.

இன்னொன்னும் கவனிங்க. இப்போ ஓடுற பெரும்பாலான பெட்ரோல் கார்கள்ல கன்வெர்ட்டருக்கு முன்னாடி ஒரு சென்சார், பின்னாடி ஒரு சென்சார். பெட்ரோல் அளவைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது முன்னாடி இருக்கிறது. பின்னாடி இருக்கிறது முக்கியமா கன்வெர்ட்டரைக் கண்காணிக்கிற வாட்ச்மேன். அது கெட்டதால வண்டி நின்னுச்சுன்னு யாராவது சொன்னா, எப்படின்னு விளக்கச் சொல்லுங்க.

நியாயத்தையும் சொல்லிடறேன். ரெண்டு விதத்துல சென்சார் வண்டியை நிறுத்தலாம். ஒண்ணு, சாகாம பொய் சொல்றது. பெட்ரோல் சரியா இருக்கும்போதே கம்மின்னு சொல்லிக்கிட்டே இருந்தா ஈ.சி.யு. மேல மேல ஊத்தும். பிளக் கருத்துப்போய், சிக்னல்ல ஐடிலிங்ல இன்ஜின் திணறி நிக்கலாம். ரெண்டு, சென்சாருக்குள்ள இருக்கிற ஹீட்டரோ அதோட ஒயரோ ஷார்ட் ஆகி ஃப்யூஸ் போறது. அதே ஃப்யூஸ்ல இன்ஜினுக்குத் தேவையான வேற பாகமும் மாட்டியிருந்தா வண்டி பொசுக்குனு நின்னுடும். இப்படி நடந்திருந்தா மாத்தட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. நடந்துச்சான்னு பார்த்தீங்களா என்பதுதான் கேள்வி.

எங்க சொசைட்டியில திருநெல்வேலிக்காரர் ஒருத்தர். அவர் கார் மேட்டுல நின்னு நின்னு போச்சு. ஸ்கேனர்ல வந்த கோட் பி0171. ஒர்க்‌ஷாப்ல சென்சாரை மாத்தி 6,800 ரூபாய் பில் போட்டாங்க. நாலாம் நாள் பழையபடி நின்னுச்சு.

"அண்ணாச்சி, பி0171-ன்னா என்ன அர்த்தம்னு கேட்டீங்களா?"

"சென்சார் போச்சுன்னுதாம்ல சொன்னான்!"

அந்தக் கோடுக்கு அர்த்தம், காற்றோட ஒப்பிட்டா பெட்ரோல் கம்மியா இருக்கு என்பது. சென்சார் கெட்டுச்சுன்னு அதுல எங்கேயும் இல்லை. வேற ஒரு மெக்கானிக் ஃபியூயல் பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்தார். பிரஷர் குறைவு. டேங்குக்குள்ள பம்ப்போட வடிகட்டி அழுக்கால அடைச்சிருந்தது. மேடு ஏறும்போது இன்ஜினுக்கு அதிகப் பெட்ரோல் வேணும், வரலை, நின்னுச்சு. "பெட்ரோல் பத்தலை"ன்னு ஒழுங்கா புகார் சொன்ன ஒரே ஆள் அந்தப் பழைய சென்சார்தான். சாட்சி சொன்னவனைத் தூக்கி உள்ள போட்டுட்டாங்க.

நம்ம தொழில் பாஷையில சொன்னா, லாக் ஃபைல்ல எர்ரர் எழுதின மாட்யூலை மாத்திட்டு பக் சரியாயிடுச்சுன்னு டிக்கெட்டை மூடுற வேலை இது. நம்ம ஆபீஸ்ல எவனாவது அப்படிப் பண்ணினா சும்மா விடுவோமா?

அப்போ வழக்கமான குற்றவாளிகள் யார்? சிக்னல்ல, ஐடிலிங்ல நின்னா முதல்ல த்ராட்டில் பாடியில கரி படிஞ்சிருக்கான்னு பார்க்கணும், அப்புறம் வேக்குவம் ஹோஸ். ஓடும்போது திடீர்னு செத்து, கொஞ்சம் ஆறினதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனா கிராங்க் சென்சார், ஃபியூயல் பம்ப் ரெண்டையும் சந்தேகப்படணும். மேட்டுல, லோடுல இழுக்காம நின்னா ஃபியூயல் பிரஷர், இக்னிஷன் காயில். இதுல எதுலயும் ஆக்ஸிஜன் சென்சார் முதல் வரிசையில இல்லை.

மெக்கானிக்கை மட்டும் திட்டுறதும் நியாயம் இல்லீங்க. ஒரு மணி நேரம் உட்கார்ந்து கோளாறைக் கண்டுபிடிச்சுட்டு அதுக்கு ஐநூறு ரூபாய் கேட்டா, நம்ம ஆட்கள் "பார்த்ததுக்கெல்லாமா காசு?" என்று சண்டைக்குப் போறாங்க. அதே ஆள் டப்பாவுல புது பார்ட் காட்டினா பத்தாயிரம்கூட பேசாம கொடுக்கிறாங்க. மூளைக்குக் காசு இல்லை, டப்பாவுக்குத்தான் காசுன்னா அவரும் டப்பாவைத்தானே விப்பார்? சோதனைக்கான கூலியைத் தனியா கொடுக்க நாம தயாராகணும்.

அடுத்த தடவை சென்சார் பேச்சு வந்தா நாலு விஷயம் கேளுங்க, ஹிந்தியோ கன்னடமோ தமிழோ, எதுல வேணும்னாலும்.

1. கோட் நம்பரை எழுதித் தாங்க. கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேம் டேட்டா, அதாவது கோட் விழுந்த நிமிஷம் இன்ஜின் என்ன நிலையில இருந்துச்சுன்னு. அதுக்கு முன்னாடி கோடை அழிக்காதீங்க.

2. லைவ் டேட்டாவுல முன்னாடி சென்சாரோட வோல்டேஜைக் காட்டுங்க. சூடான இன்ஜின்ல சாதாரண சிர்கோனியா சென்சார் மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருந்தா உயிரோட இருக்குன்னு அர்த்தம்.

3. இன்ஜின் ஆறினதும் முன்னாடி சென்சார் பிளக்கைக் கழட்டிட்டு, உங்க மெக்கானிக்கே ஒர்க்‌ஷாப் பக்கத்துல ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டும். விளக்கு எரியும், பரவாயில்லை. அப்பவும் வண்டி நின்னா சென்சார் பெரும்பாலும் நிரபராதி. நிக்காம ஓடினா அதையும் அதோட ஒயரையும் தாராளமா சந்தேகப்படலாம்.

4. மாத்தினா பழைய பார்ட்டை என் கையில கொடுங்க.

இப்போ இன்னொரு சாக்கும் கிடைச்சிருக்கு. 2025-ல் நாடு முழுக்க 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து, "இ20 சென்சாரைச் சாப்பிட்டுடுச்சு" என்கிறாங்க. எத்தனால் எரிய 9 பங்கு காற்று போதும். அதனால கலந்த பெட்ரோலைக் கொஞ்சம் கூடுதலா ஊத்தணும். எவ்வளவு கூட்டணும்னு கண்டுபிடிச்சுச் சொல்றதே அந்த சென்சார்தான். பழைய வண்டியில ரப்பர் ஹோஸ், பம்ப், வடிகட்டி இதையெல்லாம் பாருங்கப்பா, அதை விட்டுட்டு மறுபடியும் சாட்சி மேலயே பாயாதீங்க.

ஹைவேயில இன்ஜின் நின்னா ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆகும். ரெண்டு மூணு மிதியிலேயே பிரேக்கும் இறுகிடும். நம்ம குடும்பம் ஆயிரம் கிலோமீட்டர் அந்த வண்டியிலதான் போகுது. அதனால "பில் எவ்வளவு" என்பதுக்கு முன்னாடி "எப்படிக் கண்டுபிடிச்சீங்க" என்று கேளுங்க. பதில் வரலைன்னா சாவியை வாங்கிட்டு அடுத்த ஒர்க்‌ஷாப்புக்குப் போங்க.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை. கேள்வி கேட்க மெக்கானிக்கா இருக்கணும்னு அவசியமும் இல்லை.