சைக்கிள் ஏறிய பெண்கள்

எழுத்துக் கற்றால் மட்டும் போதுமா? நாலு இடம் போய்வர வழி வேண்டாமா?

புதுக்கோட்டையில் 1991-ம் ஆண்டு அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். கிராமப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். சிலர் கேலி செய்தார்கள். பெண்கள் பின்வாங்கவில்லை. தொண்டர்கள் பழக்கினார்கள். சைக்கிள் வாங்க பாங்கிகள் கடன் கொடுத்தன. ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள்.

பலன் என்ன? பஸ்சுக்குக் காத்து நிற்பது குறைந்தது. தண்ணீர்க் குடமும் விளைபொருளும் சைக்கிளில் போயின. அப்பாவையும் கணவரையும் எதிர்பார்ப்பதும் குறைந்தது.

கலெக்டர் உத்தரவு மட்டும் போட்டிருந்தால் இது நடந்திருக்குமா? நடந்திராது. தொண்டர், பாங்கி, பெண்கள் எல்லாரும் தோள் கொடுத்தார்கள். மக்களின் தேவை அறிந்து திட்டத்தை விரிவாக்குவதே நல்ல தலைமை.

ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும்!