உபாத்தியாயர் முந்தியா, யந்திரம் முந்தியா?

பள்ளிக்கூடங்களுக்கு யந்திரம் வருகிறது. கரும்பலகை இருந்த சுவரில் மின்திரை ஏறுகிறது. சிலேட்டு இருந்த கைக்குக் கம்ப்யூட்டர் வருகிறது. வரட்டும். பணக்கார வீட்டுப் பிள்ளை தொடும் கருவியை ஏழை வீட்டுப் பிள்ளையும் தொட வேண்டும் என்பதே நமது கட்சி. யந்திரத்துக்கு நாம் பகைவர்களல்லர். ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருப்பதற்கில்லை: யந்திரத்தை வாங்கிக் குவித்துவிட்டால் கல்வி வந்துவிடுமா?

ஆலைத் தோழர்களுக்கு இதற்கு விடை தெரியும். புதுத் தறி வந்து இறங்கியதாலேயே துணி விழுந்துவிடாது. ஓட்டத் தெரிந்த கை வேண்டும், பழுது பார்க்கப் பிட்டர் வேண்டும், உதிரிச் சாமான் வேண்டும், மின்சாரம் வேண்டும். இவையில்லாத தறி வெறும் இரும்பு. ஆலைக்குள்ள நியாயம் பள்ளிக்கூடத்துக்கு இல்லையா?

தென்னமெரிக்காவிலே பெரு நாடு பட்ட அனுபவத்தைப் பாருங்கள். பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி, விலை 100 டாலர் என்று 2005-ல் அமெரிக்கப் பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபாண்டே உலகுக்கு அறிவித்தார். விலை 200 டாலரை ஒட்டிப் போய் நின்றது. ஆனாலும் பெரு சர்க்கார் 8 லட்சத்துக்கு மேற்பட்ட மடிக்கணினிகளை வாங்கி, ஏழைக் கிராமங்களுக்கெல்லாம் அனுப்பியது. விளைவு என்ன? 319 கிராமப் பள்ளிகளில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2012-ல் வெளிவந்தது. பொதுவான சிந்தனைத் திறனில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் ஏதும் காணவில்லை! அந்தப் பள்ளிகளில் இணையத் தொடர்பு அநேகமாக இல்லை. கருவியைப் பாடத்தோடு இணைத்து நடத்தும் பயிற்சியும் உபாத்தியாயருக்குப் போதவில்லை. பெட்டி வந்தது, பாடம் வரவில்லை.

நம் நாட்டு அனுபவமும் இதைத்தான் சொல்லுகிறது. கொரோனாவால் 2020 மார்ச்சில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ந் தேதிதான் கதவு திறந்தது. இடையிலே கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. வசதியுள்ளவர்கள் கைப்பேசியில் படித்தார்கள். வீட்டிலிருக்கும் ஒரே கைப்பேசியைத் தகப்பன் வேலைக்கு எடுத்துப் போய்விட்டால், கூலிக்காரன் பிள்ளை எதைப் பார்த்துப் படிக்கும்?

பள்ளி திறந்தபின், இழந்த படிப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை 6 மாதத்துக்குள் பிள்ளைகள் மீட்டுக்கொண்டார்கள் என்று ஆராய்ச்சியாளர் கண்டனர். அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்குக்குக் காரணம் ‘இல்லம் தேடிக் கல்வி’. மாலை வேளையில் தெருப்பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள், செய்த வேலை அது. பிள்ளையின் முகத்தைப் பார்த்து, “இது புரியவில்லையா? இப்படிப் பார்” என்று சொன்ன மனிதர் செய்த வேலை!

ஆகவே நாம் கேட்பது யந்திரம் வேண்டாம் என்பதல்ல. யந்திரத்துக்கு முன்னே மனிதரை நிறுத்துங்கள் என்பதே. காலியாக உள்ள உபாத்தியாயர் இடங்களை நிரப்புங்கள். விவரம் ஏற்றும் வேலை போதனை நேரத்தைத் தின்கிறது என்று அவர்கள் முறையிட்டதை நாடறியும். அந்தச் சுமையை இறக்குங்கள். பயிற்சியை வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு கொடுங்கள். பழுதான கருவியைச் சீக்கிரம் சீர்செய்ய ஒவ்வொரு வட்டாரத்திலும் ஆளை வையுங்கள். பாடம் தமிழில் இருக்கட்டும்.

இவற்றுக்குப் பணமில்லை என்று சொல்லிவிட்டுப் பெட்டிகளுக்கு மட்டும் டெண்டர் விட்டால், லாபம் கம்பெனிக்கு. நஷ்டம் நம் பிள்ளைக்கு.

தோழர்களே! உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போங்கள். மின்திரை எத்தனை வந்தது என்று மட்டும் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். எத்தனை ஓடுகிறது, அதை நடத்த எத்தனை உபாத்தியாயர் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். வரிப்பணம் நம்முடையது, பிள்ளைகளும் நம்முடையவர்களே!