ப்ரோஷரில் 22, ரோட்டில் 16: உங்கள் கார் மைலேஜ் எங்கே போகிறது?

புது கார் வாங்கி முதல் சர்வீஸ் முடிவதற்குள் பலருக்கு இந்தச் சந்தேகம் வந்துவிடும்: கம்பெனி ஏமாத்திட்டாங்களா? பெரும்பாலும் இல்லை. ப்ரோஷரில் இருப்பது பொய்யான எண் அல்ல. ஆனால் நீங்கள் ஓட்டும் ரோட்டில் எடுத்த எண்ணும் அல்ல.

புனேயில் இருக்கும் ஏஆர்ஏஐ போன்ற மையங்களில் காரை உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டுகிறார்கள். மொத்தமே 1,180 விநாடி, அதாவது இருபது நிமிடம்கூட இல்லை. அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. ஏசி ஆஃப். மேம்பாலம், மழை, பின் சீட்டில் மூன்று பேர், எதுவும் கிடையாது. நகர ஓட்டத்தைக் காட்டும் கட்டத்தில், நின்ற கார் 50 கி.மீ. வேகத்தைத் தொட 26 விநாடி எடுத்துக்கொள்கிறது. பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் அப்படிக் கிளம்பிப் பாருங்க, பின்னாடி ஹார்ன் காதைக் கிழிக்கும்.

இதனால் உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்? உதாரணத்துக்கு வருஷம் 15,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 22 கிடைத்தால் 682 லிட்டர் போதும். 16தான் கிடைத்தால் 938 லிட்டர். வருஷத்துக்கு சுமார் 25,500 ரூபாய் கூடுதல். ஐந்து வருட இஎம்ஐ போடும்போது யாரும் இதைச் சேர்ப்பதில்லை.

பர்ஸோடு முடியும் விஷயமும் இல்லை இது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். 22 மைலேஜ் என்றால் கிலோமீட்டருக்கு 105 கிராம்; 16 என்றால் 144. ஒரு கம்பெனி விற்கும் கார்களின் சராசரி சுமார் 113 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது 2022 முதல் அமலில் உள்ள கஃபே விதி. அதற்கும் லேப் எண்தான் கணக்கு. பேப்பரில் பாஸ், ரோட்டில் புகை.

ஐரோப்பா 2017-ல் டபிள்யூஎல்டிபி என்ற கடுமையான டெஸ்ட்டுக்கு மாறியது: 30 நிமிடம், 131 கி.மீ. வரை வேகம். அப்படியும் இடைவெளி மறையவில்லை. கார்களுக்குள் இருக்கும் எரிபொருள் மீட்டர்களின் டேட்டாவை ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்டது. பெட்ரோல், டீசல் கார்கள் லேப் அளவைவிட சுமார் 20% அதிகம் குடிக்கின்றன. பிளக்-இன் ஹைபிரிட் மூன்றரை மடங்கு! என்னைக் கேட்டால், டெஸ்ட்டை மாற்றுவதைவிட இப்படி ரோட்டு டேட்டாவை வெளியிட வைப்பதுதான் இங்கே அவசரம்.

அதுவரை ப்ரோஷர் எண்ணை இரண்டு கார்களை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிஜ மைலேஜுக்கு, ஃபுல் டேங்க் போட்டு ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஃபுல் டேங்கில் போட்ட லிட்டரால் ஓடிய தூரத்தை வகுங்கள். மூன்று நான்கு முறை செய்து சராசரி எடுங்கள், ஏசி போட்டேதான்.