பஞ்சு மிட்டாய்க்கு தடை சரி... தள்ளுவண்டி காளானின் சிவப்பு ஓகேவா?

கோவையில் சாயங்காலம் ஆனால் போதும், தள்ளுவண்டிக் கடைகளில் காளானும் சில்லி காலிஃபிளவரும் சுடச்சுட தட்டுக்கு வந்துவிடும். அந்தச் சிவப்பு எல்லா கடையிலும் மிளகாய்த்தூளால் மட்டும் வருவதில்லை. எந்த கலர் ஓகே, எது ஆபத்து?

2024-ல் என்ன நடந்தது?

பிப்ரவரி 2024-ல் புதுச்சேரியைத் தொடர்ந்து தமிழ்நாடும் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை போட்டது. மாதிரிகளில் ரோடமைன்-பி இருப்பது ஆய்வகத்தில் உறுதியானதுதான் காரணம். அடுத்த மாதமே கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமி சேர்க்க கர்நாடகா தடை விதித்தது.

ரோடமைன்-பி என்றால் என்ன?

துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம். விலங்குகளிடம் நடந்த ஆய்வுகளில் பாதிப்பு தெரிந்தது. மனிதர்களுக்குப் புற்றுநோய் தருமா என்று முடிவு சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்பதே சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமையின் வகைப்பாடு. அப்புறம் ஏன் தடை? ஏன்னா, சட்டம் கேட்பது 'ஆபத்து நிரூபணமானதா' என்று இல்லை. அனுமதிப் பட்டியலில் இல்லாத செயற்கை நிறத்தை உணவில் சேர்க்கவே கூடாது.

பட்டியலில் எத்தனை?

டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோசின், எரித்ரோசின் உட்பட 8 செயற்கை நிறங்கள். அதுவும் ஐஸ்கிரீம், கேக், மிட்டாய், ஸ்வீட் போன்ற குறிப்பிட்ட பொருட்களில்தான். பொதுவாக கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. சிக்கன் 65, பிரியாணி, சில்லி காலிஃபிளவர் எதுவும் அந்த வரிசையில் இல்லை. அதாவது, அனுமதி பெற்ற கலரைக்கூட அவற்றில் போடக்கூடாது!

அனுமதி பெற்றதெல்லாம் சேஃபா?

எரித்ரோசினுக்கான அனுமதியை அமெரிக்கா ஜனவரி 2025-ல் ரத்து செய்தது. டார்ட்ரசின் உள்ளிட்ட 6 நிறங்கள் சேர்த்த உணவில், குழந்தைகளின் கவனத்தைப் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கை 2010 முதல் ஐரோப்பாவில் கட்டாயம். இதில் 4 நிறங்கள் இந்தியப் பட்டியலில் இருக்கின்றன.

நீங்கள் என்ன செய்யலாம்?

அனுமதி பெற்ற கலரா, துணிச் சாயமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது; லேப் டெஸ்ட்தான் வழி. கடையில் 'கலர் போடாம குடுங்க' என்று கேளுங்கள். பாக்கெட் உணவு என்றால் லேபிளில் 102, 110, 122, 124, 127 எண்கள் இருக்கிறதா பாருங்கள். சந்தேகம் இருந்தால், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்கு கடையின் இடத்தைக் குறிப்பிட்டுப் புகார் அனுப்பலாம்.