சின்ன வெங்காயம்: பட்டறை போடும் முன் ஒரு கணக்கு

வெங்காயத்தின் விலை வயலில் முடிவாவதில்லை. 2023 ஆகஸ்டில் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி விதித்தது. டிசம்பரில் ஏற்றுமதிக்கே தடை வந்தது. 2024 மே மாதம் தடை நீங்கினாலும், டன்னுக்கு 550 டாலர் குறைந்தபட்ச விலையும் 40 சதவீத வரியும் தொடர்ந்தன. செப்டம்பரில் குறைந்தபட்ச விலை நீக்கப்பட்டு, வரி 20 சதவீதமானது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த வரியும் இல்லை.

இந்த முடிவுகள் பெரும்பாலும் மகாராஷ்டிரத்தின் பெரிய வெங்காயத்தையும் நகரங்களின் சில்லறை விலையையும் பார்த்து எடுக்கப்பட்டவை. ஆனால் பெரிய வெங்காயம் மலிந்தால் சமையலறையில் சின்ன வெங்காயத்தின் பங்கு குறைகிறது. பெரம்பலூர், திருச்சி, திண்டுக்கல் விவசாயிகளும் அந்த அடியை வாங்குகிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு அறுவடையிலும் அதே கேள்வி: வந்த விலைக்கு விற்பதா, பட்டறை போட்டுக் காத்திருப்பதா?

முதலில் ஒரு கணக்கு. கிலோ 30 ரூபாய் என்றால் இன்று 100 கிலோவுக்கு 3,000 ரூபாய் கிடைக்கும். பட்டறையில் எடை குறைந்தும் அழுகியும் முளைத்தும் 25 கிலோ போய்விட்டால், மீதமுள்ள 75 கிலோவை 40 ரூபாய்க்கு விற்றால்தான் அதே 3,000 வரும். அதாவது விலை மூன்றில் ஒரு பங்கு ஏறினால்கூட லாபம் இல்லை. தரம் பிரிக்கும் கூலியும் கடன் வட்டியும் தனி. இழப்பை 10 கிலோவுக்குள் நிறுத்தினால் 34 ரூபாயே போதும். சந்தை விலை உங்கள் கையில் இல்லை. இந்த இழப்பு பெருமளவு உங்கள் கையில்தான் இருக்கிறது.

அதற்கான வேலை அறுவடைக்கு முன்பே தொடங்குகிறது. மேலுரமாக இடும் தழைச்சத்தை நட்ட 30ஆம் நாளோடு முடித்துக்கொள்ளுங்கள். பிந்தி யூரியா போட்டால் கழுத்து தடித்து, காயாமல் அழுகும். அறுவடைக்கு 10 நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். பாதிக்கு மேல் தாள் சாய்ந்த பிறகு பிடுங்குங்கள். பிடுங்கியதை வரிசையாகப் பரப்பி, ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் காயை மூடும்படி 3 முதல் 5 நாள் வயலில் காய விடுங்கள். பிறகு நிழலில் ஒரு வாரம். தாளை அறுப்பதானால் காய்க்கு மேல் ஓர் அங்குலம் விடுங்கள். இரட்டைக் காய், அடிபட்ட காய், கழுத்து தடித்த காய் எதுவும் பட்டறைக்குள் போகக் கூடாது.

பட்டறையின் அடித்தளம் தரையிலிருந்து 2 அடி உயர்ந்து, கீழிருந்தும் பக்கவாட்டிலும் காற்று புக வேண்டும். குவியல் 5 அடிக்கு மேல் போக வேண்டாம். மழைக்குப் பயந்து தார்ப்பாயை இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்து அழுகும். கூரையை நீட்டிச் சாரலைத் தடுப்பதே சரி. சேமிப்பு அமைப்புக்கான மானியம் பற்றி உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள்.

மழையில் நனைந்து வந்த காயை எந்தப் பட்டறையும் காப்பாற்றாது. அதை உடனே விற்றுவிடுங்கள். நன்கு காய்ந்ததிலும் கடன் தவணைக்கும் கூலிக்கும் வேண்டிய அளவை முதலில் விற்று, மீதியை மட்டும் வையுங்கள். விதைக்கென ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ காயை ஒதுக்கும் சுமையைக் குறைக்க, விதை மூலம் நாற்று விட்டு வளர்க்கும் கோ 5 ரகத்தைப் பார்க்கலாம். ஏக்கருக்கு ஒரு கிலோ விதை போதும்.

அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று நம்மால் சொல்ல முடியாது. அது வரும் நாளில் விற்பதற்குக் கெட்டியான காய் உங்களிடம் இருக்க வேண்டும்.